திருகோணமலை உப்புவெளிப் பக்கம் இத்தாலியன் கடைக்கு ஆறு பேராகப் போகிறோம். ஆளுக்கொரு தட்டு எடுப்பதா, பகிர்ந்து சாப்பிடுவதா?

பகிர்ந்து சாப்பிடுங்கள், பாஸ்தாவை மட்டும் விட்டுவிட்டு. உங்கள் கூட்டத்தில் மச்சம் சாப்பிடாத அம்மா, மாட்டிறைச்சி தொடாத இரண்டு பேர், ஒரு முஸ்லிம் நண்பர் என்று எழுதியிருந்தீர்கள். திருகோணமலையில் எந்த மேசையில் இருந்தாலும் ஏறக்குறைய இந்தக் கலவைதான். எங்கள் வீட்டாரும் அப்படித்தான் போவோம்.

இத்தாலியில் பீட்சா ஆளுக்கு ஒன்று. வெட்டாமல் முழுதாக வரும், அவரவர் கத்தியால் வெட்டிச் சாப்பிடுவார்கள். நாங்கள் அதைப் பின்பற்ற வேண்டிய அவசியம் இல்லை. ஆறு பேருக்கு மூன்று பீட்சா தாராளம், ஏனென்றால் மற்றதும் வரும். ஆனால் மூன்றையும் ஒரேயடியாகக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். மெல்லிய பீட்சா ஆறினால் தோல் மாதிரி இழுபடும். ஒன்று முடியும்போது அடுத்தது வரட்டும் என்று ஓடர் எடுக்கும் தம்பியிடமே சொல்லிவிடுங்கள். பீட்சாவின் ஊரான நாப்போலி முறைப்படி விறகு அடுப்பின் சூடு சுமார் 485 பாகை செல்சியஸ், உள்ளே போன பீட்சா 60 முதல் 90 செக்கனில் வெளியே வந்துவிடும். விளிம்பில் கறுப்புப் புள்ளிகள் இருப்பது அதனால்தான். 'கருகிப்போச்சு' என்று அம்மா திருப்பி அனுப்பப் பார்ப்பார், தடுத்துவிடுங்கள்.

மூன்று பீட்சாவில் ஒன்றாவது மார்கரிட்டாவாக இருக்கட்டும். தக்காளி, மொசரல்லா சீஸ், பேசில் இலை, அவ்வளவுதான். பேசில் என்று பயப்பட ஒன்றும் இல்லை, பலூடாவில் மிதக்கும் கசகசா அந்தச் செடியின் விதைதான்.

முதலில் பொரித்த கணவாய் ஒரு தட்டு. தேசிக்காய் பிழிந்து, கதைத்துக்கொண்டே எடுக்க அதைவிட நல்லது இல்லை. கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, எங்கிருந்தோ குளிரூட்டியில் வந்த சலாமி இறைச்சியைக் கேட்பவர்களை எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பாஸ்தாவைப் பகிரவேண்டாம் என்றதற்குக் காரணம் இருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் அது சோஸை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேசையைச் சுற்றி ஆறு கை மாறி வருவதற்குள் கட்டியாகிவிடும். விருப்பம் என்றால் இரண்டு பேருக்கு ஒன்று என்று எடுத்து, வந்த உடனே சாப்பிடுங்கள். இறால், கணவாய் போட்ட பாஸ்தா என்றால் மேலே சீஸ் தூவக் கேட்காதீர்கள். இத்தாலியர்கள் பெரும்பாலும் கடலுணவோடு சீஸ் சேர்ப்பதில்லை. ஒருமுறை தூவாமல் சாப்பிட்டுப் பாருங்கள், இறாலின் இனிப்பு தெரியும்.

அம்மாவுக்கு ஸ்பகெட்டி ஆலியோ எ ஓலியோ சொல்லுங்கள். உள்ளியை ஒலிவ் எண்ணெயில் பதமாக வதக்கி, செத்தல் மிளகாய் போட்டு, அவித்த ஸ்பகெட்டியைப் பிரட்டித் தருவார்கள். காய்ந்த ஸ்பகெட்டியில் பொதுவாகக் கோதுமையும் தண்ணீரும்தான், முட்டை இல்லை. கடையிலேயே உருட்டிய பாஸ்தா என்றால் முட்டை இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் மாமி முதல் வாய் எடுத்துவிட்டு, "இது என்னடி, தாளிச்ச இடியப்பம்" என்றார். அப்புறம் தட்டை யாருக்கும் தரவில்லை.

சீஸ் விஷயத்தில் கவனம். அசல் பார்மிஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனட் ஊற்றித்தான் உறைய வைக்கிறார்கள். அம்மா கடும் சைவம் என்றால் அதைத் தூவவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பேசில் இலை அரைத்த பெஸ்டோ சோஸ் பச்சையாக இருக்கிறது என்று நம்பி எடுக்கவேண்டாம், அதற்குள்ளும் அந்தச் சீஸ் இருக்கும். பொலோனீஸ் சோஸ், அடுக்கிச் சுடும் லசானியா பாஸ்தா இரண்டிலும் வழக்கமாக மாட்டிறைச்சி, சில இடங்களில் பன்றியும் சேர்ப்பார்கள். உங்கள் நண்பருக்காகச் சோஸில் வைன் ஊற்றுகிறார்களா, இறைச்சி ஹலாலா என்று கேளுங்கள். தீராமிசு என்ற இனிப்பில் பச்சை முட்டையும், பல இடங்களில் மதுவும் இருக்கும். இவ்வளவையும் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். எங்கள் ஊரில் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்விகள் பழகிப்போனவைதான்.

மே முதல் செப்டெம்பர் வரை வெளிநாட்டுக்காரர் கூட்டம் இருக்கும். அவர்கள் இருட்டியபின்தான் வருவார்கள், ஆகவே நீங்கள் ஆறு, ஆறரைக்கே போய் உட்காருங்கள், சமையலறை அவசரமில்லாமல் செய்து தரும். மாரி காலத்தில் பல கடைகள் பூட்டியிருக்கும், போன் பண்ணிவிட்டுப் போங்கள். விலைக்கு மேல் சேர்விஸ் சார்ஜ் 10 சதவீதம் உண்டா என்பதை மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அப்புறம் பில்லுக்கு அடிபிடி வரும். 'கை கழுவிட்டு வாறன்' என்று எழும்பி, கவுண்டரில் முதலே கட்டிவிடுங்கள்.