வாசகர் கேள்வி: எட்டு மாதம் கிளையை நடத்தினேன், பதவி கிடைக்கவில்லை

கேள்வி: கடன் வழங்கும் நிறுவனமொன்றின் கிளையில் 12 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். முகாமையாளர் மாற்றலாகிச் சென்றபின் எட்டு மாதங்கள் கிளையை நானே நடத்தினேன். அப்பதவிக்கு விண்ணப்பித்தபோது, நேர்முகத் தேர்வில் என்னிடம் முதலில் கேட்கப்பட்டது, "பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?" என்பதே. என்னிடம் வேலை பழகிய இளைஞர் இப்போது முகாமையாளர். நான் எங்கே தவறினேன்?
- வாசகி ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: சகோதரி, நீங்கள் எங்கும் தவறவில்லை. அந்த இளைஞரும் ஒரு தந்தையாக இருக்கலாம். ஆனால் அவரிடம் அந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்காது.

நம் மட்டக்களப்பில் குடி என்னும் குலப்பிரிவும் வயிற்றுவார் என்னும் அதன் உட்கிளையும் தாய்வழியே வருகின்றன. வீடும் வளவும் பெண்ணின் பெயரில் எழுதப்படுகின்றன. ஆயினும் அதே தாய்வழியில் உரிமை பெற்றுக் கோயிலில் வண்ணக்கராக, அதாவது நிர்வாகப் பொறுப்பாளராக, அமர்பவர்கள் பெரும்பாலும் ஆண்களே. உரிமை பெண் வழியாக வரலாம், அதிகாரத்தை அவள் கையாளக் கூடாது என்ற அந்தப் பழக்கந்தான் அலுவலகத்துக்குள்ளும் வந்துவிட்டதென்று நான் கருதுகிறேன். பெண்ணால் முடியாது என்று இங்கே எவரும் சொல்லவும் இயலாது, திருமதி பி.எஸ்.எம். சார்ள்ஸ் இந்த மாவட்டத்துக்கே அரசாங்க அதிபராக, அதாவது மாவட்ட நிர்வாகத் தலைவராக, இருந்தவர். 2018 உள்ளூராட்சித் தேர்தலில் உறுப்பினர்களுள் 25 வீதம் பெண்களாக இருக்க வேண்டுமென்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. கிளை முகாமையாளர் பதவிக்கோ அப்படியொரு சட்டம் இல்லை. நேர்முகக் குழுவில் இருப்பவர்களின் மனப்போக்கே அங்கே விதியாகிவிடுகிறது.

அந்த எட்டு மாதங்களுக்குப் பதில் கடமைக் கடிதம், அதாவது முகாமையாளர் பொறுப்பைத் தற்காலிகமாக ஒப்படைக்கும் கடிதம், உங்களுக்குத் தரப்பட்டதா? "கொஞ்ச நாளைக்குப் பாருங்க மிஸ்" என்று தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லி முழுப் பொறுப்பையும் பெண்ணின் தலையில் வைப்பதும், தேர்வு வரும்போது அவளுடைய கோப்பில் அதற்கு ஒரு வரிகூட இல்லாதிருப்பதும் நான் பலமுறை கேட்டு மனம் நொந்த கதை. ஆகவே அக்காலத்தில் நீங்கள் கையொப்பமிட்ட மாதாந்தக் கணக்குகள், வசூலித்த நிலுவைகள், தீர்த்துவைத்த முறைப்பாடுகள் ஆகியவற்றைத் திகதிவாரியாக எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். தெரிவுக்குரிய அளவுகோல்களையும் உங்களுக்கு வழங்கப்பட்ட புள்ளிகளையும் அதே கடிதத்தில் கேளுங்கள். நேர்முகத்தில் கேட்கப்பட்ட அந்த முதற்கேள்வியையும், கேட்கப்பட்ட சொற்களிலேயே, அதில் எழுதிவிடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் பற்றுச்சீட்டையும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.