தாழப் பறந்தால் அடி குறைவுதானே?

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருபவர்: ஓய்வுபெற்ற விமானப் பயிற்சியாளர்)

கேள்வி: சின்ன விமானம் தாழ்வாகப் பறந்தால் ஆபத்து குறைவுதானே ஐயா? விழுந்தாலும் கொஞ்ச உயரத்திலிருந்துதானே விழும்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும் முதல் வாரத்தில் இதைத்தான் கேட்பார்கள். விஷயம் நேர் எதிர். மேலே இருக்கும்போது தப்பு நடந்தால் திருத்த நேரம் இருக்கும். நூறு அடியில் அது கிடையாது.

ராய் ஹாலடே என்று ஒரு அமெரிக்க பேஸ்பால் வீரர். சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை இரண்டு முறை வாங்கியவர். அப்பாவும் விமானி. 2017 அக்டோபரில் ஐகான் ஏ5 என்ற இரண்டு இருக்கை விமானம் வாங்கினார். தண்ணீரிலும் இறங்கும்; இறக்கையை மடித்து டிரெயிலரில் ஏற்றி காருக்குப் பின்னால் இழுத்துப் போகலாம். நவம்பர் 7 அன்று ஃப்ளோரிடாவில் ஓர் ஏரியிலிருந்து தனியாகக் கிளம்பியவர், இருபது நிமிடத்துக்குள் மெக்சிகோ வளைகுடாக் கரையோரம் விழுந்து இறந்துவிட்டார். வயது 40. விழுந்த இடத்தில் தண்ணீர் நாலரை அடிதான்.

விமானத்தில் பதிவான தகவலை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எடுத்துப் பார்த்தது. ஓரிடத்தில் கடலுக்கு மேல் வெறும் 11 அடியில் போயிருக்கிறார். ஏறுவது, சாய்த்துத் திருப்புவது, மறுபடி இறங்குவது என்று விளையாட்டு. கடைசியாக மூக்கை ரொம்பத் தூக்கி ஏறியபோது வேகம் மணிக்குச் சுமார் 135 கிலோமீட்டராகக் குறைந்து, விமானம் குப்புறப் பாய்ந்தது.

ஏன்? ஓடும் காரின் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையைப் படுக்கையாக நீட்டி, முன்விளிம்பைக் கொஞ்சம் தூக்கினால் கை மேலே போகும். இன்னும் தூக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் காற்று கையை மேலே தூக்காது, பின்னால்தான் தள்ளும். சாதாரண இறக்கைக்கு அந்தக் கட்டம், எதிரே வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையே சுமார் 15 டிகிரி கோணம். எஞ்சின் நன்றாக ஓடும்போதே இது நடக்கும். விமானிகள் ஸ்டால் என்பார்கள். மருந்து சுலபம்: மூக்கை இறக்க வேண்டும், சில நூறு அடி இழந்து விமானம் சரியாகிவிடும். அந்தச் சில நூறு அடி கையில் இல்லாதவன் என்ன செய்வான்? மூக்கை இறக்கினாலும் தண்ணீர், இறக்காவிட்டாலும் தண்ணீர்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஏ5 விமானத்தில் கண்ணுக்கு நேரே வைத்திருக்கும் மீட்டரே இந்தக் கோணத்தைக் காட்டுவதுதான். விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட்டும் உண்டு. அது விரிய உயரம் வேண்டுமே!

ஹாலடேயின் உடலில் ஆம்ஃபெட்டமைன், மார்ஃபின் உட்படப் பல மருந்துகள் இருந்ததாகவும், அந்த மயக்கத்தில் தாழ்வாக முரட்டுத்தனமாக ஓட்டியதே காரணம் என்றும் 2020-இல் வந்த இறுதி அறிக்கை சொன்னது. சரி, மருந்து எடுக்காதவர் பத்திரமா? ஹாலடே இறந்த அதே 2017-இன் மே மாதம், கலிஃபோர்னியாவின் பெர்ரியெஸ்ஸா ஏரியில் இன்னொரு ஏ5 விழுந்து இருவர் இறந்தார்கள். ஓட்டியவர் அந்த விமானத்தை உருவாக்கிய முன்னணிப் பொறியாளர். தாழப் பறந்து தவறான பள்ளத்தாக்குக்குள் நுழைந்துவிட்டார்; திரும்பி வெளியேற இடம் போதவில்லை. அவரைவிட அந்த விமானத்தை அறிந்தவர் யார்?

கேள்வி: சஞ்சய் காந்தி விபத்தும் இதே ரகமா?
– வாசகர், ஈரோடு

பதில்: என் கணிப்பில் ஆமாம். 1980 ஜூன் 23 காலை, டெல்லி சஃப்தர்ஜங் விமான நிலையத்திலிருந்து பிட்ஸ் எஸ்-2ஏ விமானத்தில் கிளம்பி, தாழ்வாகச் சாகசம் செய்தபோது விழுந்தார். பிட்ஸ் சாகசத்துக்கென்றே கட்டிய விமானம். அதனால் விமானம் தாங்கவில்லை என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. செங்குத்தாக வட்டமடிக்கும்போது இறங்கும் பாதி உயரத்தைத் தின்றுவிடும். கூட இருந்து இறந்த கேப்டன் சுபாஷ் சக்சேனா அனுபவசாலி. இருவர் இருந்தாலும் உயரம் என்னவோ அதேதான். சதிக் கதைகளில் எனக்கு ஆர்வமில்லை.

கேள்வி: என் மகள் விமானப் பயிற்சியில் சேரப் போகிறாள். பயமாக இருக்கிறது. என்ன விசாரிக்க வேண்டும்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: ஸ்டால் பயிற்சி எந்த உயரத்தில் என்று கேளுங்கள் அம்மா. மூவாயிரம் அடிக்குக் குறையாமல் என்றால் சரி. அமெரிக்கத் தேர்வில், தரையிலிருந்து 1,500 அடிக்குக் கீழே போகாமலே விமானத்தைச் சரிசெய்து காட்ட வேண்டும்.

அப்புறம், தனியாகப் பறக்க ஆரம்பித்ததும் ‘நம்ம வீட்டு மேல வந்து கை காட்டு’ என்று நீங்களோ அவள் அண்ணன் தம்பிகளோ கேட்காதீர்கள். தாழ வந்து, மொட்டைமாடியில் நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் இறுக்கித் திருப்புவார்கள். 60 டிகிரி சாய்த்து, உயரம் குறையாமல் திருப்பினால், ஸ்டால் ஆகும் வேகம் 40 சதவீதம் கூடிவிடும். டாட்டா காட்ட ஆசையிருந்தால் விமானதள வேலிக்கு வெளியே நின்று காட்டுங்கள். இறங்கியதும் அவளே ஓடி வருவாள்.