ஸ்கூல் டேஸ், பேஸ் கிட்டார் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்துவிட்டு அமெரிக்க பேஸ் கிட்டார் கலைஞர் ஸ்டான்லி கிளார்க்கின் ‘ஸ்கூல் டேஸ்’ இசைத்தொகுப்பைத் தேடிப்பிடித்து இரண்டு முறை முழுமையாகக் கேட்டேன். ஏமாற்றமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. கைவேகம் வியக்க வைக்கிறது. ஆனால் அந்த வியப்பு ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. கச்சேரியில் மிருதங்கம் தனி ஆவர்த்தனத்தில் முன்னால் வருவது சரி, அதற்கு ஓர் இடமும் அளவும் உண்டு. இங்கே பக்கவாத்தியம் கச்சேரி முழுவதையும் தானே எடுத்துக்கொண்டதுபோல் இருக்கிறது. தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரின் வேலை அடியிலிருந்து தாங்குவதல்லவா? இது இசையா, வித்தை காட்டுவதா? இன்னொன்று: பேஸ், பேஸ் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எனக்குப் பல இடங்களில் கிட்டார்தான் கேட்டது.

எம்.
மதுரை

*

அன்புள்ள எம்.,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தக் குழப்பம் எனக்கும் நேர்ந்தது. இந்தத் தொகுப்பை நான் முதலில் கேட்டது ஒரு நண்பரின் அறையில், மூடி உடைந்த டூ-இன்-ஒன்னில், யாரோ பதிந்து கொடுத்த கேசட்டில். முதல் பாட்டைத் தொடங்கிவைக்கும் வாசிப்பைக் கிட்டார் என்றே நினைத்துக்கொண்டு, பேஸ் எப்போது வரும் என்று ஏறக்குறைய எட்டு நிமிடமும் காத்திருந்தேன். இவ்வளவு நேரம் கேட்டது அதுதான் என்று நண்பர் சொன்னபோது நான் நம்பவில்லை.

இதில் பாதிக் குற்றம் ஒலிபெருக்கியுடையது. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் அடித்தந்தி திறந்த நிலையில் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 தடவை, அதிர்கிறது. கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கர் அந்த அதிர்வைத் தருவதேயில்லை. அதன் மேலே எழும் துணைச்சுரங்களை மட்டுமே அது நம்மிடம் சேர்க்கிறது, அடிச்சுரத்தைக் காது தானாக ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. ஆகவே ஸ்வரம் தெரியும், கனம் தெரியாது. நீங்கள் இரண்டு முறையும் கைப்பேசியில்தான் கேட்டிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன்.

மறுபாதிக்குக் காரணம் கிளார்க்கின் வாத்தியம். பியானோ கலைஞர் சிக் கொரியாவின் ‘ரிட்டர்ன் டு ஃபாரெவர்’ குழுவில் அவர் வாசித்துவந்த நாட்களில், கலிஃபோர்னியாவின் அலெம்பிக் பட்டறையைச் சேர்ந்த ரிக் டர்னர் நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு, வாசிப்பு அருமை, ஆனால் சத்தம் மோசம் என்று நேரிலேயே சொல்லி, தங்கள் பட்டறையில் செய்த பேஸ் ஒன்றை அவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அலெம்பிக் பேஸின் உடலுக்குள்ளேயே ஒலியைப் பெருக்கும் மின்சுற்று உண்டு; தந்தியின் மேல்பகுதிச் சுரங்கள் மங்காமல் அதில் பளிச்சென்று வெளிவரும். கழுத்தும் வழக்கமான பேஸைவிடக் குட்டை. விரல் நகம் தந்தியில் உரசும் சிறு ஓசைகூட அதில் மறையாது. மற்ற பேஸ்களில் ‘தும்’ என்று கரைந்துபோகும் இடத்தில் அவருடையது ‘டிங்’ என்று தெறிப்பதும், நீங்களும் நானும் அதைக் கிட்டார் என்று நினைத்ததும் இதனால்தான்.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். பேஸின் வேலை தாங்குவதே என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பேஸ் கிட்டார் எவ்வளவு இளைய வாத்தியம் என்பதையும் பார்க்கவேண்டும். ஃபெண்டர் நிறுவனம் தன் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1951-இல். கிளார்க் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்ததும் அதே 1951-இல். ‘ஸ்கூல் டேஸ்’ 1976-இல் வெளிவந்தபோது வாத்தியத்துக்கும் வாசித்தவருக்கும் 25 வயதுதான். தாங்கி நிற்பது என்ற வழக்கம் அதற்கு, நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய வயலின் போன்ற டபுள் பேஸிடமிருந்து வந்த சொத்து. கிளார்க் அந்த டபுள் பேஸையும் முறையாகக் கற்றவர். பள்ளியில் மாணவர்களுக்கு வாத்தியங்கள் பங்கிட்ட நாளில் அவர் தாமதமாகப் போனாராம்; மிச்சமிருந்த சிலவற்றுள் ஒன்றாக டபுள் பேஸ் வாய்த்தது.

நீங்கள் வித்தை என்று சொல்லும் வாசிப்பு முறைகளில் முதன்மையானது, கட்டைவிரலால் தந்தியை அறைந்து மற்ற விரலால் சுண்டி இழுக்கும் ஸ்லாப். அது மேடையில் பகட்டுவதற்காகப் பிறந்ததன்று. சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் பேஸ் கலைஞர் லாரி கிரஹாம் தன் தாயாரின் பியானோவுக்குத் துணையாக வாசித்துவந்தார். அவர்களுக்கு டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லை. ஆகவே பெரிய டிரம்மின் அடியைக் கட்டைவிரலாலும், ஸ்னேர் டிரம்மின் அடியைச் சுண்டுதலாலும் அவரே ஈடுகட்டினார். பின்னர் ‘ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன்’ குழுவின் வழியாக, தாளத்தை முன்னிறுத்தும் ஃபங்க் இசையின் முதுகெலும்பாகவே அது ஆயிற்று. ஆக, இரண்டு பேரின் பாரத்தை ஒருவர் சுமக்க நேர்ந்தபோது வந்த முறை அது. கிளார்க் இன்னும் ஒருபடி மேலே போய், பேஸ் தந்திகளைச் சேர்த்து வருடி, பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கார்டும் அதில் வாசித்தார்.

தொகுப்பின் பெயரையே கொண்ட முதல் பாட்டான ‘ஸ்கூல் டேஸ்’ஸைக் கேட்டு முடித்த பிறகு உங்கள் வாயில் முணுமுணுப்பாக நிற்பது எது என்று யோசித்துப்பாருங்கள். ரே கோமஸின் கிட்டாரோ டேவிட் சான்ஷியஸின் கீபோர்டோ அன்று, தொடக்கத்தில் வந்த அந்த பேஸ் வரிசைதான் நிற்கும். பாட்டின் மெட்டும் அதுவே, மற்றவர்கள் கால் ஊன்றியிருக்கும் தரையும் அதுவே. தனி ஆவர்த்தன ஒப்புமை இங்கே பொருந்தவில்லை என்று நான் நினைப்பதும் இதனால்தான். மிருதங்கம் தனிக்கு வரும்போது பாடகர் வாய்மூடித் தாளம் போடுகிறார்; இங்கே யாரும் வாய்மூடுவதில்லை, முன்னால் இருப்பதையும் அடியில் இருப்பதையும் ஒரே கை வாசிக்கிறது.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஓர் உண்மை இருக்கிறது. அதே பாட்டில் கிளார்க் தன் தனி வாசிப்புக்காக மேல் ஸ்வரங்களுக்கு ஏறியதும் கீழே ஒரு பள்ளம் விழத்தான் செய்கிறது. ஜெரி பிரவுனின் டிரம்ஸ் அந்த இடத்தைப் பிடித்து நிறுத்துகிறது, இருந்தாலும் பள்ளம் பள்ளம்தான். கடைசிப் பாட்டான ‘லைஃப் இஸ் ஜஸ்ட் எ கேம்’ பற்றியும் நான் வாதாடப்போவதில்லை. கீபோர்டில் ஜார்ஜ் டியூக்கும் டிரம்ஸில் பில்லி கோபமும் சேர்ந்திருந்தும், ஒன்பது நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும் என்ற அவசரம் அதில் தெரிகிறது. கிளார்க்கின் பாட்டுக் குரலும் அவருடைய விரல்களுக்கு ஈடில்லை.

வித்தை என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதே தொகுப்பின் ‘டெசர்ட் சாங்’கைக் கேட்கமுடியாது. அதில் மின்பேஸ் இல்லை. கிளார்க் டபுள் பேஸை எடுத்து வில் போட்டு வாசிக்க, ஜான் மெக்லாஃப்லின் மின்இணைப்பில்லாத கிட்டாரில் உடன்வருகிறார். அந்த ஆண்டுகளில் மெக்லாஃப்லின் எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம் ஆகியவற்றோடு ‘சக்தி’ குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார் என்பது நினைவிருந்தால், அவர் ஸ்வரங்களை இழைத்து இறக்கும் விதம் உங்களுக்கு அந்நியமாகப் படாது. வில் தந்தியைத் தொடும் முதல் உராய்வு காதில் விழும்படி அமைதியான அறையில் கேளுங்கள். வேகமாக வாசிக்கத் தெரிந்த ஒருவர், வேகம் தேவையில்லாத இடத்தில் என்ன செய்கிறார் என்பது அங்கே தெரியும்.

ஒரு யோசனை. நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ, இம்முறை வரிசையை மாற்றி ‘ஹாட் ஃபன்’னில் தொடங்குங்கள். மூன்று நிமிடம்கூட ஓடாத அந்தப் பாட்டில் ஸ்டீவ் கேடின் டிரம்ஸை மட்டும் முதல் தடவையும், பேஸை மட்டும் இரண்டாம் தடவையும் பின்தொடருங்கள். ‘டெசர்ட் சாங்’கை அன்றைக்கே கேட்கவேண்டாம். கேட்ட பிறகும் ஏமாற்றமே என்றால் எழுதுங்கள்.

அன்புடன்.