இன்ஜலக் ஓவிய மையத்துக்குப் போகுமுன்: கேள்வி பதில்

நான் இருப்பது ஆஸ்திரேலியாவின் வட முனையில், டார்வினில். இங்கிருந்து கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர் போய், காக்கடு தேசியப் பூங்காவைத் தாண்டி, கிழக்கு அலிகேட்டர் ஆற்றையும் கடந்தால் குன்பலான்யா. பழைய பெயர் ஓயன்பெல்லி. அங்கே பூர்வகுடி மக்களே சொந்தமாக நடத்தும் இன்ஜலக் ஆர்ட்ஸ் என்ற மையம் 1989-ல் தொடங்கியது. நான் ஏழெட்டு முறை போய்வந்தவள் என்பதால் கேள்விகளெல்லாம் என் பக்கம் தள்ளப்பட்டன.

சிட்னியிலிருந்து: அக்கா, ஜூலை விடுமுறையில் பிள்ளைகளோடு வருகிறோம். டாட் பெயின்டிங் வகுப்பு நடக்குமா?

முதலில் அந்த டாட்டை மறந்துவிடுங்கள். புள்ளி ஓவியம் நடு ஆஸ்திரேலியப் பாலைவனத்து மக்களுடையது; 1971-ல் அங்குள்ள பப்புன்யா என்ற ஊரில் பலகைகளில் வரையத் தொடங்கிய பிறகுதான் வெளியுலகம் அதை அறிந்தது. இது மேற்கு ஆர்ன்ஹெம் லேண்ட். இங்கே ‘ரார்க்’ என்கிற இழைக்கோடுதான் எல்லாம். கோரைத் தண்டைச் சீவிச் செய்த தூரிகையில் ஒரு மயிரிழை அளவுக்குக் காவியைத் தொட்டு, கை நடுங்காமல் ஒரே இழுப்பு. பாரமுண்டி மீனை வரைந்தால் முதுகெலும்பும் குடலும்கூடத் தெரியும். எப்படி அறுத்து யாருக்கு எந்தப் பங்கு என்று தெரிந்தவர்கள் வரைகிற மீன் அது.

வகுப்பு வேண்டுமென்றால் முன்னதாகவே போன் செய்து கேளுங்கள். தினமும் மணியடித்து நடத்தும் இடமல்ல. அது அவர்கள் வேலை செய்யுமிடம். தாழ்வாரத்தில் ஆண்கள் வரைவார்கள், பெண்கள் முடைவார்கள், நடுவே நாய் படுத்திருக்கும். பிள்ளைகளோடு ஓர் ஓரமாகத் தரையில் உட்காருங்கள். பத்து நிமிடத்தில் கிளம்புகிறவர்களிடம் யாரும் பேசுவதில்லை; ஒரு மணி நேரம் இருந்தால் அவர்களே பேச்சுக் கொடுப்பார்கள். ‘கமக்’ என்றால் நன்று, ‘போபோ’ என்றால் போய் வருகிறேன். இரண்டும் அவர்கள் பேசும் குன்விங்கு மொழி.

பெர்த்: அனுமதிச் சீட்டு கட்டாயமா?

கட்டாயம். 1976-ம் ஆண்டு நில உரிமைச் சட்டப்படி அது பூர்வகுடி மக்களின் நிலம். அவர்கள் சார்பில் அனுமதி தரும் நார்தர்ன் லேண்ட் கவுன்சிலிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். வண்டியில் மது வேண்டாம்.

மெல்பர்ன்: ஆற்றைக் கடப்பது அவ்வளவு ஆபத்தா? யூடியூபில் பார்த்துப் பயந்துவிட்டோம்.

பயம் நல்லதுதான். கடக்கும் இடத்துக்குக் கேஹில்ஸ் கிராசிங் என்று பெயர், அது பாலமில்லை. ஆற்றுக்குக் குறுக்கே போட்ட தாழ்வான கான்கிரீட் தடம். கடல் ஏற்றம் அதுவரை ஏறிவரும். ஏற்றத்தோடு மீன் வரும், மீனுக்காக முதலைகள் வரிசை கட்டும். 1987-ல் ஒருவர், 2017-ல் நடந்தே கடக்கப் பார்த்த இன்னொருவர், இரண்டு பேர் அங்கே முதலைக்குப் பலியானார்கள். ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்த்து, வற்றத்தில் மட்டும், ஃபோர் வீல் டிரைவில் கடக்க வேண்டும். முதல் தடவை நான் அட்டவணையைத் தப்பாகப் படித்துவிட்டு, கரையிலேயே நாலு மணி நேரம் உட்கார்ந்து தயிர்சாதம் தின்றேன். மழைக்காலத்தில் சாலையே மூழ்கிவிடும், விமானம்தான். மே கடைசியிலிருந்து அக்டோபருக்குள் வாருங்கள்.

அடிலெய்டு: பாறை ஓவியங்களுக்கு வழிகாட்டி இல்லாமல் ஏறலாமா?

கூடாது. அந்த ஓவியங்கள் இருப்பது இன்ஜலக் குன்றில்; மையத்தின் பெயரே அந்தக் குன்றின் பெயர்தான். உள்ளூர் வழிகாட்டி கூட்டிப்போகும் நடை அரைநாள் பிடிக்கும். பாறைகளில் தொற்றி ஏற வேண்டும், முட்டிவலிக்காரர்கள் யோசியுங்கள். ஓவியத்தின் மேல் ஓவியமாகத் தலைமுறைகள் வரைந்த பாறைகள். பாறை இடுக்கில் வாழும் மிமி என்ற ஒல்லி ஆவிகள்தான் மனிதருக்கு வேட்டையும் வரைதலும் கற்றுத்தந்தன என்பார்கள். வழிகாட்டி சில கதைகளைப் பாதியில் நிறுத்திவிடுவார். மீதி நமக்கானதல்ல, துருவக் கூடாது.

சென்னை: மரப்பட்டையில் வரைவது பழைய வழக்கமா, சுற்றுலாவுக்காக வந்ததா?

மழைக்காலக் குடில்களின் பட்டைச் சுவர்களில் வரைந்தவர்கள் அவர்கள். 1912-ல் பால்ட்வின் ஸ்பென்சர் என்ற மானிடவியலாளர் இங்கே வந்து திரட்டிய பட்டைகள் இன்று மெல்பர்ன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மரத்தில் நீரோட்டம் இருக்கும் மழைமாதங்களில்தான் பட்டை உரியும். மேல்நாரைச் சீவி, தீயில் வாட்டி, கல்லேற்றித் தட்டையாக்குகிறார்கள். காகிதம் பின்னால் வந்தது. 1990 வாக்கில் ஜான் க்ளூகே என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் தடித்த காகிதத்தில் வரையச் சொல்லிக் கேட்ட பிறகு வழக்கமாகிவிட்டது.

கோவை: கூடை முடைவதைப் பற்றி?

நம் தாழைக்கு உறவான மரம்தான், பாண்டனஸ். உச்சிக் குருத்தைக் கொக்கிக் கம்பால் இழுத்து, முள்ளை உரித்து, நகத்தாலேயே ஓலையை இரண்டாகப் பிளக்கிறார்கள். நான் முயன்றேன், ஓலை கிழிந்தது, விரலும் கிழிந்தது, பாட்டிகள் சிரித்தார்கள். ஒரு வேரை இடித்துக் கொதிக்கவைத்தால் மஞ்சள் சாயம். அதிலேயே சாம்பலைப் போட்டால் சிவப்புக்குத் திரும்பும். ஓலை பறிக்கக் காட்டுக்குப் போகும்போது உங்களையும் அழைத்தால் வேறு திட்டம் எதுவானாலும் தள்ளிவையுங்கள்.

பிரிஸ்பேன்: விலை பேசலாமா? பணம் ஓவியருக்குப் போகிறதா?

பேரம் வேண்டாம். இப்படிப்பட்ட மையங்களில் பொதுவாக விற்பனை விலையில் ஏறத்தாழ பாதி ஓவியருக்கு. மீதி பொருளுக்கும் மையத்தை நடத்தவும். பிற்காலத்தில் நீங்கள் அதை வணிகர் வழியாக 1,000 டாலருக்கோ அதற்கு மேலோ விற்றால், 2010-ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி 5 சதவீதம் மறுபடி ஓவியருக்கே சேரும். நகரத்து நினைவுப்பொருள் கடைகளில் ‘அபாரிஜினல் ஸ்டைல்’ என்று தொங்குவதில் பெரும்பகுதியைப் பூர்வகுடிகள் யாரும் தொட்டதே இல்லை. ஓவியர் பெயரும் ஊரும் இல்லாத பொருளை நான் வாங்குவதில்லை.

சிங்கப்பூர்: படம் எடுக்கலாமா? என் மகள் டிட்ஜெரிடூ ஊதிப் பார்க்க ஆசைப்படுகிறாள்.

ஆளையோ, வரைந்துகொண்டிருக்கும் ஓவியத்தையோ கேட்காமல் எடுக்காதீர்கள். இறந்தவர் பெயரையும் சட்டென்று சொல்லக் கூடாது. ஊரில் சாவு விழுந்தால் மையம் மூடியிருக்கும், பயணம் வீணாயிற்றே என்று முகம் சுளிக்காதீர்கள். அந்த ஊதுகருவிக்கு அங்கே ‘மாக்கோ’ என்று பெயர், ஆண்கள் ஊதுவது. மகளுக்குக் கூடை முடையும் பாட்டிகள் பக்கம் இடம் இருக்கிறது.

மதுரை: அங்கிருந்து ஒரு பட்டை ஓவியம் ஊருக்கு எடுத்துவர முடியுமா?

முதல் ஓவியமென்றால் காகிதம் வாங்குங்கள், குழாயில் சுருட்டிவிடலாம். பட்டையென்றால் தட்டையாகப் பெட்டியில் வர வேண்டும். இறகோ விலங்குத் தோலோ சேர்ந்த பொருளானால் ஏற்றுமதி அனுமதி பற்றி மையத்திலேயே கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் பட்டை கொஞ்சம் வளையும். அது மரம், அப்படித்தான். சரிசெய்கிறேன் என்று புத்தகங்களை ஏற்றிவைக்காதீர்கள், பட்டை பிளந்துவிடும்.