பெயரே இல்லை என்றொரு பெயர்

அன்புள்ள ஐயா,

என் தோழி மங்கோலியத் தலைநகர் உலான்பாதரில் வேலை பார்க்கிறாள். அவள் அலுவலகத்துப் பெரியவர் ஒருவரின் பெயர் நெர்குய். 'பெயர் இல்லை' என்று அர்த்தமாம். 'கெட்ட நாய்' என்றுகூட அங்கே பெயர் உண்டாம். பெற்ற பிள்ளைக்கு யாராவது இப்படிப் பெயர் வைப்பார்களா? நம்மைப் போல அவர்களுக்கும் இன்ஷியல் இருக்கிறது என்கிறாள், உண்மையா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

வைப்பார்கள். முன்னே பிறந்தவை தங்காமல் போன வீட்டில் வைப்பார்கள். அடுத்த குழந்தையையும் தேடிக்கொண்டு கெட்ட ஆவி வரும் என்பது மங்கோலியர்களின் பழைய நம்பிக்கை. வந்து விசாரித்தால் அது ஏமாந்து திரும்ப வேண்டும். எனெபிஷ் என்றால் 'இது இல்லை'. தெர்பிஷ், 'அது இல்லை'. ஹுன்பிஷ், 'மனுஷனே இல்லை'. மூநோஹொய்தான் உங்கள் தோழி சொன்ன கெட்ட நாய். அதைத் தூக்கிப்போக எந்த ஆவிக்கு மனம் வரும்? பெயரே இல்லாத நெர்குயை எப்படிச் சொல்லிக் கூப்பிடும்? இரவில் குழந்தையோடு வெளியே கிளம்பினால் நெற்றியில் கரியைத் தடவிவிடுவார்கள். ஆவி அதை முயல் என்று நினைத்து விட்டுவிடுமாம். நம் ஊர்க் குப்பனும் பிச்சையும், கன்னத்துத் திருஷ்டிப் பொட்டும் இதே பயத்தில் பிறந்தவைதானே. அந்தப் பெரியவருக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு பிள்ளை போயிருக்கலாம். அவர் பெயரைக் கேட்டு யாரும் சிரிக்காமல் உங்கள் தோழி பார்த்துக்கொள்ளட்டும்.

மற்றபடி ஆசையாக வைத்த பெயர்களும் ஏராளம். பெண்ணுக்கு நரன்துயா, சூரியக் கதிர். பையனுக்கு போல்ட், எஃகு. 1921 புரட்சியின் நாயகன் சுஹ்பாதர் பெயருக்கு 'கோடரி வீரன்' என்று பொருள். பௌத்தத்தோடு திபெத்தியக் கிழமைப் பெயர்களும் வந்து சேர்ந்தன: திங்களுக்கு தவா, வெள்ளிக்கு பாசன். நம் வஜ்ரம் அங்கே ஒச்சிர் ஆனது, ரத்தினம் எர்தென் ஆனது.

இன்ஷியல் உண்மைதான். தந்தை பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். சுருக்கினால் முதலெழுத்தும் புள்ளியும். குலப்பெயர்களை 1920களில் கம்யூனிஸ்ட் அரசு ஒழித்துவிட்டது. 1990களில் சட்டம் அவற்றைத் திரும்பக் கேட்டபோது பலருக்குத் தங்கள் குலமே மறந்துபோயிருந்தது. செங்கிஸ்கானின் போர்ஜிகின் குலப்பெயரை ஏராளமானோர் எடுத்துக்கொண்டார்கள். 1981இல் விண்வெளிக்குப் போன முதல் மங்கோலியர் குர்ராக்சா மட்டும் தான் போய்வந்த இடத்தையே குலமாக்கிக்கொண்டார்: சன்சார், விண்வெளி. எனக்கு மிகவும் பிடித்த மங்கோலியப் பெயர் அது.