வட்டார ரக்பி கிளப்பை அரசு நிதி காப்பாற்றுமா? வூஸ்டரிலிருந்து ஒரு பொருளாளரின் பதில்

கேள்வி: நான் ஸ்வான்ஸீயில் வசிக்கிறேன். எங்கள் வட்டார ரக்பி கிளப் இல்லாமல் போகலாம் என்கிறார்கள். அரசு நிதி கொடுத்தால் அதைக் காப்பாற்ற முடியாதா? அப்படிக் கொடுப்பது நியாயமா?

ஸ்வான்ஸீ என்று எழுதியிருப்பதால் தாங்கள் அந்த வேல்ஸ் நகரத்தின் வட்டார அணியான ஆஸ்ப்ரேஸின் ரசிகர் என்றே எடுத்துக்கொள்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும். இங்கே பலர் ‘முடியும்’ என்றோ ‘வரிப்பணத்தில் விளையாட்டா?’ என்றோ இரண்டு வரியில் முடித்திருக்கிறார்கள். என்னால் அப்படி முடிக்க இயலவில்லை. அரசு நிதி பெற்ற ஒரு பெரிய கிளப் கண்ணெதிரே சரிந்த ஊரில் நான் வசிக்கிறேன். அதே காலத்தில் ஒரு சிறிய கிளப்பின் பொருளாளராக இருந்து, அதே வகைத் தவற்றைச் சிறிய அளவில் நானும் செய்திருக்கிறேன்.

நான் கண்டியில் வளர்ந்தவன் என்பதால் ரக்பி எனக்குப் புதிதல்ல. நித்தவெல மைதானத்தின் வேலியோரம் நின்று பார்த்த ஆட்டங்களுக்குக் கணக்கில்லை. அங்கே காவல்துறையும் முப்படைகளும் தங்கள் அணிகளையே லீக்கில் இறக்கும். ஆகவே அரசும் ரக்பியும் கைகோத்திருப்பது எனக்கு இயல்பாகவே தோன்றியது. இங்கிலாந்தின் வூஸ்டருக்குக் குடிவந்த பின், எம் 5 நெடுஞ்சாலையின் ஆறாவது சந்திப்பை ஒட்டியிருக்கும் சிக்ஸ்வேஸ் மைதானத்துக்கு மகனை அழைத்துப் போகத் தொடங்கினேன். வூஸ்டர் வாரியர்ஸ் 1871இல் தொடங்கப்பட்ட கிளப். கீழ்நிலை லீக்குகளில் கிடந்த அதை 2004இல் இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர்ஷிப்புக்குக் கொண்டுவந்ததில் சீசில் டக்வொர்த் என்ற தொழிலதிபரின் பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. எங்கள் சமையலறைச் சுவரில் தொங்கும் வெந்நீர்க் கொதிகலனில் ‘வூஸ்டர்’ என்ற பெயர் இருக்கிறதே, அந்த நிறுவனத்தை 1962இல் தொடங்கியவர் அவர்தான். பின்னர் அதை பாஷ் வாங்கிக்கொண்டது. அவர் 2020 நவம்பரில் காலமானார். அதே மாதத்தில்தான் அரசின் கடன் திட்டமும் அறிவிக்கப்பட்டது.

கொரோனாவால் மைதானங்கள் பூட்டிக் கிடந்த அந்தக் குளிர்காலத்தில், பார்வையாளர் வருமானம் இழந்த விளையாட்டுகளுக்கென்று பிரிட்டிஷ் அரசு 30 கோடி பவுண்டு ஒதுக்கியது. அதில் 13.5 கோடி ‘ரக்பி யூனியன்’ எனப்படும் இந்த ஆட்ட வகைக்கு, அதிலும் 5.9 கோடி பிரீமியர்ஷிப் கிளப்புகளுக்கு. ‘அரசு ரக்பியைக் காப்பாற்றியது’ என்று செய்திகள் வந்தன, நானும் மகிழ்ந்தேன். உயர்மட்ட கிளப்புகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் கடன், மானியம் மிகக் குறைவு என்ற விவரம் அந்த மகிழ்ச்சியில் மறைந்துபோயிற்று. வட்டி குறைவு, முதல் சில காலம் தவணை கிடையாது, திருப்பிச் செலுத்த நீண்ட அவகாசம் என்று நிபந்தனைகள் எல்லாம் இதமாகவே இருந்தன. ஆனால் ஆண்டுதோறும் நட்டத்தில் ஓடும் ஒரு நிறுவனத்துக்கு இதமான கடனும் கடன்தானே.

இதை இவ்வளவு எளிதாக இப்போது எழுதுகிறேன். 2020 ஜூனில் எனக்கு இது புரியவில்லை. என் மகன் விளையாடிய கிராமத்துக் கிளப்பில் அப்போது நான் பொருளாளர். மதுக்கூடமும் திருமண விருந்துகளுக்கு வாடகைக்கு விடும் கூடமும்தான் எங்கள் வருமானம்; இரண்டும் மூடிவிட்டன. அரசு உத்தரவாதத்தோடு வங்கிகள் வழங்கிய கொரோனாக் காலக் கடன் ஒன்று இருந்தது: 50,000 பவுண்டு வரை, 2.5 விழுக்காடு வட்டி, முதல் ஆண்டு எதுவும் கட்ட வேண்டாம். நான் 20,000 பவுண்டு வாங்கலாம் என்று முன்மொழிந்தேன். காணொளிக் கூட்டத்தில் எங்கள் செயலாளர், ஓய்வுபெற்ற விவசாயி, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இதைக் கட்டப்போவது எந்த வருமானத்திலிருந்து?” நான் சொன்ன பதில் இன்றும் எனக்குக் கூச்சம் தருகிறது. “அரசின் பணம் சார், கழுத்தை நெரிக்க மாட்டார்கள்” என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

பதின்மூன்றாவது மாதம் கணக்கிலிருந்து 354 பவுண்டு 95 பென்ஸ் தானாகக் கழிந்தது. அதன்பின் எந்த மாதமும் தவறவில்லை. யாரும் கழுத்தை நெரிக்கவில்லைதான். ஆனால் அந்தத் தொகை முன்பு எங்கள் மின்விளக்குகளுக்கும் சிறுவர் அணிகளின் பேருந்துக்கும் போய்க்கொண்டிருந்த தொகை. மைதானத்தின் ஒரு மூலை விளக்கு அணைந்தபோது அதைச் சரிசெய்யப் பணமில்லாமல், இரண்டு குளிர்காலம் பிள்ளைகள் வெளிச்சமுள்ள பாதியில் மட்டுமே பயிற்சி செய்தார்கள். செயலாளர் அதன்பின் அந்தப் பேச்சை ஒருநாளும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பெரிய கிளப்பின் கதையும் இதே அச்சில் வார்த்ததுதான். எண்ணிக்கை மட்டுமே வேறு. 2022 கோடையில் வூஸ்டர் வாரியர்ஸ் அரசுக்குச் செலுத்த வேண்டிய கொரோனாக் கடன் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி பவுண்டு; அதுபோக வரித்துறைக்கு 60 லட்சம் பவுண்டு அளவில் பாக்கி. வரித்துறை ஆகஸ்டில் நிறுவனத்தைக் கலைக்கக் கோரி மனுப் போட்டது. இதைச் சற்று நிறுத்தி யோசிக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். விளையாட்டுத் துறை அமைச்சகம் கிளப் பிழைக்க வேண்டும் என்று கடன் கொடுத்திருக்கிறது. அதே அரசின் வரித்துறை அதே கிளப்பை நீதிமன்றத்துக்கு இழுக்கிறது. இரண்டும் தத்தம் கடமையைத்தான் செய்தன. ‘அரசு காப்பாற்றட்டும்’ என்று நாம் சொல்லும்போது எந்த அரசு அலுவலகத்தை மனத்தில் வைத்துச் சொல்கிறோம் என்பதை யாரும் கேட்பதில்லை.

செப்டம்பர் 24, சனிக்கிழமை, நியூகாசில் ஃபால்கன்ஸுடன் ஆட்டம். அதற்கு முந்தைய வாரம் எக்ஸிட்டருடனான ஆட்டத்துக்கு 4,999 பேரை மட்டுமே அனுமதித்திருந்தார்கள். ஊழியர்களுக்கு ஆகஸ்ட் மாதச் சம்பளத்தில் ஒரு பகுதிதான் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் காப்பீடும் நிதி ஆதாரமும் காட்டாவிட்டால் இடைநீக்கம் என்று இங்கிலாந்து ரக்பி சங்கம் கெடு வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும். எங்கள் வரிசையில் எப்போதும் உட்காரும் ஒரு முதியவர், கிளப் கீழ் லீக்கில் விளையாடிய நாள்களிலிருந்து வருபவர், அன்று ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்த தேநீரை மூடியில் ஊற்றி என் மகனுக்குக் கொடுத்தார். வூஸ்டர் 39–5 என்று வென்றது. அவ்வளவு நன்றாக அந்தப் பருவத்தில் அவர்கள் ஆடி நான் பார்த்ததில்லை. ஆட்டம் முடிந்து நெடுநேரம் யாரும் வெளியேறவில்லை. வீரர்கள் மைதானத்தைச் சுற்றிவந்து ஒவ்வொரு பக்கமாக நின்று கைதட்டினார்கள். முதியவர் தன் இருக்கையின் அடியில் எண் எழுதிய சிறு தகட்டைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கெடு கடந்தது, கிளப் இடைநீக்கம் செய்யப்பட்டது. அன்றே அமைச்சகம், கடன் கொடுத்தவர் என்ற முறையில், நொடிப்பு நிர்வாகிகளை, அதாவது கடனில் மூழ்கிய நிறுவனத்தைப் பொறுப்பேற்று நடத்துவோரை, அமர்த்தக் கோரியது. அது உள்ளூர் நாடாளுமன்ற உறுப்பினர்களே வலியுறுத்திய நடவடிக்கை. உரிமையாளர்களிடமிருந்து கிளப்பைப் பிரித்தெடுக்க வேறு வழியில்லை என்பது அவர்கள் வாதம், அதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் வீரர்களின் ஒப்பந்தங்கள் வேறொரு துணை நிறுவனத்தின் பெயரில் இருந்தன; அந்த நிறுவனம் இந்தப் பாதுகாப்புக்குள் வரவில்லை. அக்டோபர் 5 அன்று வரித்துறையின் மனுவின் பேரில் நீதிமன்றம் அதைக் கலைத்தது. ஒரே காலையில் அத்தனை வீரர்களும் வேலையற்றவர்களானார்கள். அதே மாதம் 17ஆம் தேதி வாஸ்ப்ஸ் கிளப்பும் நொடிப்பு நிர்வாகத்துக்குப் போனது. 2023 ஜூனில் லண்டன் ஐரிஷ் இடைநீக்கம் செய்யப்பட்டது. அரசின் கடன் பெற்ற லீக்கில் பதின்மூன்று கிளப்புகள் பத்தாயின. கடன் அவற்றைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. செலவு வரவைத் தாண்டி ஓடியதுதான் காரணம். கடன், அந்த ஓட்டத்தை இன்னும் இரண்டு ஆண்டு ஓடவைத்தது, அவ்வளவுதான்.

‘மருத்துவமனையில் செவிலியருக்குப் பணமில்லை, ரக்பிக்குக் கோடிகளா?’ என்று பின்னூட்டத்தில் கேட்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் மருத்துவமனை மருந்தகத்தில்தான் வேலை செய்கிறேன், அந்தப் பற்றாக்குறையைத் தினமும் பார்க்கிறேன். ரக்பிக்கு ஒரு பென்ஸும் கொடுக்கக் கூடாது என்பது என் நிலைப்பாடு அல்ல. கொடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கவில்லை என்பதே என் ஆதங்கம். எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு 600 பவுண்டு மானியம் கேட்டு ஓர் உள்ளாட்சி அமைப்புக்கு விண்ணப்பித்தபோது, இரண்டு ஆண்டுக் கணக்கு, காப்பீட்டுச் சான்று, புத்தகங்களை வைக்கப்போகும் அலமாரியின் புகைப்படம் ஆகியவற்றைக் கேட்டார்கள். அலமாரியைத் திறந்து வைத்து ஒரு படமும் மூடிவைத்து ஒரு படமும் அனுப்பினேன். கோடிகளைக் கடனாகப் பெறும் ஒரு கிளப்பின் நிலம் எந்தெந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது என்று அதே கண்டிப்போடு தொடர்ந்து கவனித்திருந்தால் எவ்வளவோ தெரிந்திருக்கும். சிக்ஸ்வேஸைச் சுற்றியிருந்த நிலத்துண்டுகள் கிளப்பிலிருந்து பிரிந்து வேறு நிறுவனங்களுக்குப் போனது பின்னர் நாடாளுமன்றக் குழுவின் விசாரணையிலும் பேசப்பட்டது. ரக்பியை ஆள்வோரின் கண்காணிப்பு போதாது என்று 2023 தொடக்கத்தில் அந்தக் குழு கண்டித்தது. காலம் கடந்த கண்டிப்பு.

இப்போது தங்கள் ஊருக்கு வருகிறேன். வேல்ஸில் 2003இல் ஐந்து வட்டார அணிகள் உருவாக்கப்பட்டன; ஒரே ஆண்டில் ஒன்று, செல்டிக் வாரியர்ஸ், கலைக்கப்பட்டது. ஆகவே ‘எங்கள் அணி போய்விடுமோ’ என்ற அச்சம் அங்கே இருபது வயதைத் தாண்டியது. கொரோனாக் காலத்தில் வெல்ஷ் ரக்பி யூனியன் வங்கி ஒன்றிடமிருந்து 2 கோடி பவுண்டு கடன் வாங்கி வட்டார அணிகளுக்குக் கொடுத்தது. தவணை கழுத்தைப் பிடித்ததால், 2022இல் வேல்ஸ் அரசு 1.8 கோடி பவுண்டு கடன் கொடுத்து அதை மாற்றி அமைத்தது. இதில் கிளப்புகளுக்குக் கிடைத்தது மூச்சுவிட நேரம். வருமானம் கூடவில்லை. 2025 ஏப்ரலில் கார்டிஃப் அணி நொடிப்பு நிர்வாகத்துக்குப் போய், யூனியனே அதை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில், நான்கு அணிகளை மூன்றாகக் குறைப்பது, தலைநகரில் ஒன்று, கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று என்று யூனியன் அறிவித்தது. மேற்கில் தாங்களும் லனெல்லியின் ஸ்கார்லெட்ஸும் இருக்கிறீர்கள். ஒரு தட்டு, இரண்டு பேர்.

ஆகவே தங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: கடனாக வரும் அரசு நிதி தங்கள் கிளப்பைக் காப்பாற்றாது, யூனியனின் முடிவையும் அது மாற்றாது. ஆனால் பொதுப்பணம் மைதானமாக மாறினால் கதை வேறு. செயின்ட் ஹெலன்ஸ் மைதானம் ஸ்வான்ஸீ நகராட்சிக்குச் சொந்தமானது. அதைப் புதுப்பித்து ஆஸ்ப்ரேஸுக்கு வீடாக்குவதுதான் 2025இல் இருந்த திட்டம், அதற்காகவே 2025–26 பருவத்தில் இடைக்காலமாகப் பிரிட்ஜெண்டில் விளையாடினார்கள். கிளப் நாளை எந்த உருவம் எடுத்தாலும், எந்த லீக்கில் ஆடினாலும், மைதானம் ஊரிடமே இருக்கும். அதை இரவோடிரவாக வேறொரு நிறுவனத்தின் பெயருக்கு மாற்ற முடியாது. நியாயமா என்ற இரண்டாம் கேள்விக்கும் இதையே பதிலாகச் சொல்வேன்: ஊருக்குச் சொந்தமாக நிற்கும் கல்லுக்கும் புல்லுக்கும் வரிப்பணம் போவதில் எனக்குத் தயக்கமில்லை, வீரர்களின் சம்பளப் பற்றாக்குறையை அடைக்கக் கடனாகப் போவதில் உண்டு. ஒரு மைதானச் செலவை எத்தனை ஊர்கள் தாங்கும் என்று கேட்பீர்கள். எல்லா ஊரும் தாங்காது, அதுவும் உண்மை.

வூஸ்டர் திரும்பி வந்துவிட்டதே என்று யாராவது சொல்லலாம். வந்தது; 2025–26 பருவத்தில், புதிய உரிமையாளரின் பணத்தில், இரண்டாம் நிலை லீக்கில். இடையில் ஏறத்தாழ மூன்று பருவம் சிக்ஸ்வேஸில் எங்கள் அணியின் ஆட்டம் இல்லை. 2022இல் பத்து வயதாக இருந்த என் மகன் அதற்குள் கால்பந்துக்குப் போய்விட்டான். திரும்பிய பின் நான் தனியாகத்தான் போனேன். முதியவரின் இருக்கையில் வேறொரு குடும்பம் உட்கார்ந்திருந்தது.

தங்களால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. செயின்ட் ஹெலன்ஸ் பற்றிய நகராட்சிக் கூட்டக் குறிப்புகளைத் தேடிப் படியுங்கள். குத்தகை எத்தனை ஆண்டு, யார் பெயரில், குத்தகைதாரர் நொடித்துப்போனால் மைதானம் யாரிடம் திரும்பும் என்ற மூன்றையும் அதில் பாருங்கள். பதில் இல்லையென்றால் தங்கள் வார்டு உறுப்பினருக்கு எழுதுங்கள். எங்கள் கிராமத்துக் கிளப்புக்கு இன்னும் நான்கு தவணை பாக்கி இருக்கிறது. மூலை விளக்கைப் போன மாதம் பெற்றோர்கள் வசூல் செய்து மாற்றிவிட்டார்கள்.