மகிழ்ச்சியை அளப்பது எப்படி? எட் டீனர் ஆய்வுகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சார், முனைவர் பட்டத்துக்கே மகிழ்ச்சியைத் தலைப்பாக எடுக்கலாமா? டீனர் எப்போது தொடங்கினார்?

பதில்: அமெரிக்க உளவியலாளரான அவர் 1974-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்; முதலில் கூட்டத்தோடு கலந்துவிட்ட மனிதர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைத்தான் ஆராய்ந்தார். பணி நிரந்தரமான பிறகே, 1980-களின் தொடக்கத்தில், இந்தப் பக்கம் வந்தார். அன்று இது அளக்க முடியாத விஷயம் என்று பலர் ஒதுக்கியிருந்தார்கள். இன்று அந்தத் தயக்கம் தேவையில்லை. ஆனால் புள்ளியியலையும் அளவீட்டு முறைகளையும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். அவருடைய பலமே அதுதான்.

கேள்வி: ஊழியர்களிடம் அவருடைய ஐந்து வரி வினாத்தாளைக் கொடுக்கப் போகிறோம். மதிப்பெண்ணை எப்படிப் படிப்பது?

பதில்: 1985-இல் டீனரும் மூன்று சக ஆய்வாளர்களும் வெளியிட்ட வாழ்க்கைத் திருப்தி அளவுகோலைச் சொல்கிறீர்கள். ஐந்து கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை. கூட்டினால் 5-க்கும் 35-க்கும் இடையில் வரும். 20 நடுநிலை, 21 முதல் 25 ஓரளவு திருப்தி, 26 முதல் 30 திருப்தி, 31 முதல் 35 மிகுந்த திருப்தி. 15 முதல் 19 லேசான குறை, 10 முதல் 14 அதிருப்தி, 5 முதல் 9 கடும் அதிருப்தி.

மொத்தத்தை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். கடைசி இரண்டு கூற்றுகள் கடந்த காலத்தைத் தொடுகின்றன. முதல் மூன்றில் உயர்ந்தும் கடைசி இரண்டில் தாழ்ந்தும் இருந்தால், அவரை உறுத்துவது இன்றைய வேலையாக இல்லாமல் பழைய இழப்பாக இருக்கலாம்.

பெயர் எழுதச் சொன்னால் எல்லாரும் திருப்தி என்றே போடுவார்கள். முன்னால் சம்பளம், நிர்வாகம் பற்றிய கேள்விகளை வைத்தால் அந்த எரிச்சல் இதிலும் ஏறும். ஆகவே இதை முதல் பக்கத்தில் வையுங்கள். ஒரே ஒரு தடவை எடுத்து முடிவு கட்டாமல், சில மாத இடைவெளியில் மறுபடியும் கேளுங்கள்.

கேள்வி: இது அன்றாட மனநிலையையும் காட்டுமா?

பதில்: காட்டாது. வாழ்க்கைத் திருப்தி, இனிய உணர்வு, கசப்பான உணர்வு மூன்றும் தனித்தனி; 1984 கட்டுரையிலேயே டீனர் இதைப் பிரித்துக் காட்டினார். உணர்வுக்கு, 2010-இல் டீனர் குழு வெளியிட்ட, 12 உணர்வுச் சொற்கள் கொண்ட அளவுகோலைப் பயன்படுத்துங்கள். கடந்த நான்கு வாரங்களில் ஒவ்வோர் உணர்வும் எவ்வளவு அடிக்கடி வந்தது என்று 1 முதல் 5 வரை குறிக்க வேண்டும். இனிய ஆறின் கூட்டலிலிருந்து கசப்பான ஆறின் கூட்டலைக் கழித்தால் -24 முதல் +24 வரை கிடைக்கும். 'எவ்வளவு தீவிரமாக' என்று கேட்காததற்குக் காரணம் உண்டு. எப்போதாவது வரும் பெருங்களிப்பைவிட அடிக்கடி வரும் சிறு இனிமைதான் ஒருவர் மகிழ்ச்சியானவரா என்பதை நன்றாகச் சொல்கிறது என்று 1991-இல் அவரது குழு வாதிட்டது. என் பார்வையில், அவர் விட்டுச்சென்றதில் மிகவும் பயனுள்ளது இதுவே.

கேள்வி: எது நடந்தாலும் மனம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்கிறார்களே?

பதில்: முழுக்க இல்லை. ஜெர்மனியில் ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த தரவில், திருமணத்தின் ஏற்றம் சராசரியாகச் சில ஆண்டுகளில் வடிந்தது. வேலையிழந்தவர்களோ மறுபடி வேலை கிடைத்த பிறகும் பழைய அளவை எட்டவில்லை.

கேள்வி: எங்கள் பயிற்சியில், மகிழ்ச்சிக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் என்பதை இலக்காக வைக்கலாமா? மேடம் ஒருவர் அப்படித்தான் சொல்லித் தருகிறார்.

பதில்: வேண்டாம். 2007-இல் ஓய்ஷி, டீனர், லூக்கஸ் மூவரும் பார்த்ததில், உறவுகளில் சிறந்து நின்றவர்கள் உச்ச மகிழ்ச்சிக்காரர்கள். வருமானத்திலும் படிப்பிலும் முந்தியவர்கள் அதற்குச் சற்றுக் கீழே இருந்தவர்கள். எட்டில் இருப்பவரைப் பத்துக்கு ஏற்ற முயலாமல், உங்கள் பயிற்சியின் நேரத்தை மூன்றிலும் நான்கிலும் இருப்பவர்களுக்குக் கொடுங்கள்.